13 டிகிரிக்கு இறங்க மறுக்கும் மவுண்ட்: போல்ட் மாற்றுவது எப்படி

கேள்வி சுருக்கமாக இது. டெல்லியில் ஒருவரிடமிருந்து பழைய ஜெர்மன் ஈக்குவடோரியல் மவுண்ட் ஒன்று, அதாவது டெலஸ்கோப்பைத் தாங்கி வானத்தின் சுழற்சியோடு திருப்பும் கருவி, பெங்களூருக்கு வந்திருக்கிறது. மொட்டை மாடியில் வைத்து, உயரக் கோணத்தை (அது ஊரின் அட்சரேகைக்குச் சமமாக இருக்க வேண்டும்) டெல்லியின் 28 டிகிரி சொச்சத்திலிருந்து பெங்களூரின் 13 டிகிரிக்கு இறக்க வடக்குப் பக்கத்து போல்ட்டை இறுக்கிக்கொண்டே போனதில் அது வளைந்துவிட்டது. இப்போது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. தெற்கு போல்ட்டின் முனை காளான் மாதிரி விரிந்திருக்கிறது. மவுண்ட்டைக் கிழக்கு மேற்காகத் திருப்பும் அஜிமுத் போல்ட் இரண்டிலும் துரு. "எஸ்.ஜே.பி. ரோட்டில் 12.9 கிரேடு போல்ட் நாலு வாங்கி மாட்டினால் இனி வளையாதுதானே?"

போல்ட் வளையாது. வேறு ஏதாவது உடையும். வளைந்த போல்ட்டுக்கு மாற்று எந்தக் கடையிலும் கிடைக்கும், உடைந்த அலுமினிய வார்ப்புக்குக் கிடைக்காது. எனவே எவ்வளவு கெட்டியான போல்ட் என்று யோசிப்பதைவிட, எவ்வளவு நீளம், முனை எப்படி, அது எதைத் தள்ளுகிறது என்று பார்ப்பதுதான் உருப்படியான வேலை.

முதலில் அது ஏன் வளைந்தது என்று பார்ப்போம். இந்த வகை மவுண்ட்டில் துருவ அச்சு (வானத்தின் வடதுருவத்தை நோக்கி நிற்கும் அச்சு) இருக்கும் உடல், அடிப்பாகத்தின் இரண்டு கன்னங்களுக்கு நடுவே ஒரு கிடைமட்ட அச்சாணியில் ஆடுகிறது. அச்சாணிக்குக் கீழே உடலோடு சேர்த்து வார்த்த ஒரு நாக்கு தொங்குகிறது. வடக்கிலிருந்து ஒரு போல்ட், தெற்கிலிருந்து ஒரு போல்ட், இரண்டும் அந்த நாக்கை எதிரெதிராக நெருக்கிப் பிடிக்கின்றன. டெலஸ்கோப்பும் எதிர் எடையும் வடக்கு முனையில் இருப்பதால் உடல் வடக்கே தலை கவிழப் பார்க்கும். அச்சாணிக்குக் கீழே இருக்கிற நாக்கு அப்போது தெற்கே போகும். ஆக, எடையைத் தாங்குவது எப்போதும் தெற்கு போல்ட். வடக்கு போல்ட்டுக்கு எடை தாங்கும் வேலையே கிடையாது. நாக்கு ஆடாமல் மறுபக்கம் தொட்டுக்கொண்டு நின்றால் போதும்.

28.6 டிகிரியிலிருந்து 13 டிகிரிக்கு வருவது என்றால் உடல் 15.6 டிகிரி திரும்ப வேண்டும். அச்சாணியிலிருந்து போல்ட் தொடும் இடம்வரை 50 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் நாக்கு சுமார் 13.4 மி.மீ. தெற்கே நகர வேண்டும். போல்ட் எம்10 (10 மி.மீ. விட்டம்), மரை இடைவெளி 1.5 மி.மீ. என்றால் தெற்கு போல்ட்டை ஏறத்தாழ ஒன்பது சுற்று வெளியே எடுத்திருக்க வேண்டும். அதை எடுக்காமல் வடக்கு போல்ட்டை இறுக்கினால் இரண்டு போல்ட்டும் நாக்கை வைத்துக் கயிறு இழுக்கும் போட்டியைத் தலைகீழாக நடத்துகின்றன. இறங்கும்போது வடக்கு போல்ட் உள்ளே நீளமாக நீட்டிக்கொண்டு நிற்கும் என்பதால் தோற்பது அதுதான்.

எவ்வளவு விசை என்று ஒரு தோராயக் கணக்கு. டி-கைப்பிடியை இரு பக்கமும் விரலால் அழுத்தித் திருகினால் 5 நியூட்டன் மீட்டர் முறுக்கு எளிதாக வரும். எம்10 போல்ட்டில் அது சுமார் 2,500 நியூட்டன் தள்ளு விசை, அதாவது கால் டன். நாக்கின் முகம் போல்ட்டுக்குச் செங்குத்தாக நிற்கும் கோணம் ஒன்றே ஒன்றுதான். அது 40 டிகிரி உயரக் கோணத்தில் அமைந்திருந்தால், 13-க்கு இறங்கும்போது முகம் 27 டிகிரி சாய்ந்துவிடும். உராய்வை ஒதுக்கிப் பார்த்தால் 1,300 நியூட்டன் அளவு போல்ட்டின் முனையைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. முனை 25 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், எம்10 மரையின் அடி விட்டம் 8.16 மி.மீ. என்ற கணக்கில், வளைவு அழுத்தம் சதுர மி.மீ.க்கு 600 நியூட்டனைத் தொடுகிறது. 4.6 கிரேடு சாதா எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) போல்ட் 240-லேயே வளையத் தொடங்கும். ஏ2-70 எஸ்.எஸ். (எவர்சில்வர்) 450. 8.8 கிரேடு 640, அதாவது மயிரிழையில் தப்பும். 12.9 கிரேடு 1,080, அது நிச்சயம் வளையாது.

இங்கேதான் பொறி. 12.9 போல்ட் ஆலன் தலையோடோ அறுகோணத் தலையோடோ வரும். கை தானாக ஸ்பேனரைத் தேடும். 250 மி.மீ. ஸ்பேனரில் எட்டு கிலோ அழுத்தினாலே 20 நியூட்டன் மீட்டர், அதாவது ஒரு டன் தள்ளு விசை. அதை வாங்கிக்கொள்வது வார்ப்பு நாக்கும், அடிப்பாகத்தின் அலுமினிய மரையின் வாயும். டி-கைப்பிடி சின்னதாக இருப்பது ஒரு வகையில் பாதுகாப்பு. புது போல்ட்டில் எந்தத் தலை வைத்தாலும், அது கையால் மட்டும் திருகும்படி இருக்க வேண்டும் என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தெற்கு போல்ட்டின் காளான் முனைக்குக் காரணம் வேறு. சுமை அந்த போல்ட்டில் ஏற்றும் பளு, உயரக் கோணத்தின் கொசைனைப் பொறுத்தது. லண்டன் கிரீனிச்சின் 51.5 டிகிரியில் அது 0.62, பெங்களூரின் 13 டிகிரியில் 0.97. அதே டெலஸ்கோப், அதே எதிர் எடை, ஆனால் இங்கே தெற்கு போல்ட் ஒன்றரை மடங்குக்கு மேல் சுமக்கிறது. இவ்வகை மவுண்ட்டின் மூதாதை, ஜெர்மன் கண்ணாடிக் கலைஞர் பிரான்ஹோபர் 1824-ல் டோர்பாட் (இன்றைய எஸ்டோனியாவின் டார்டு) வானாய்வகத்துக்குச் செய்த தொலைநோக்கியில் இருந்தது. அது 58 டிகிரி வடக்கில் ஓரிடத்தில் நிலையாக நின்ற கருவி. ஊர் ஊராகத் தூக்கிப் போகிறவர்களுக்குத்தான் இந்த போல்ட் தலைவலியெல்லாம்.

இனி கழற்றுவது. டெலஸ்கோப்பை முதலில் இறக்குங்கள், எதிர் எடைகளை அதன் பிறகு. வரிசையை மாற்றினால் எடையில்லாத தண்டு சட்டென மேலே சுழன்று டெலஸ்கோப் முக்காலியில் மோதும். எதிர் எடைத் தண்டையும் உள்ளே தள்ளியோ கழற்றியோ வைத்துவிட்டு, ஒருவர் உடலின் வடக்கு முனையைக் கையில் ஏந்திக்கொள்ள, மற்றவர் தெற்கு போல்ட்டை முழுதாக வெளியே எடுங்கள். காளான் முனை மரையில் சிக்கினால் இழுத்துப் பிடுங்க வேண்டாம். உள்ளே தள்ளி, முனையின் விளிம்பை அரத்தால் தேய்த்துவிட்டுப் பிறகு திருகினால் அலுங்காமல் வரும்.

வளைந்த வடக்கு போல்ட்தான் கடினம். அதன் வளைவு மரைத்துளைக்கு உள்பக்கம் இருக்கிறது. வெளியே திருகினால் வளைந்த பகுதி துளைக்குள் வந்து அலுமினிய மரையை உழுதுவிடும். நாலு சுற்று வந்தது, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் வந்துவிடும் என்று தோன்றும் இடத்தில்தான் பலர் மவுண்ட்டைக் கெடுக்கிறார்கள். இரண்டு வழிகள் இருக்கின்றன. உடலைக் கையால் கடைசிவரை இறக்கினால் நாக்கு தெற்கே போய், போல்ட் முனை தனியாகத் தெரியும். அடிப்பக்கம் திறந்திருக்கும் மாடல் என்றால் ஹேக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிக்கொண்டு, வளைவுக்கு முன்னால், நேரான பகுதியில் அறுத்துவிடலாம். அறுப்பதற்கு முன் சுற்றிலும் கிரீஸ் தடவிய துணியைத் திணியுங்கள். இரும்புத் துகள் முழுவதும் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும், அச்சாணிப் பக்கம் போகாது. அறுத்த முனையின் பிசிறை அரத்தால் நீக்கிய பிறகே வெளியே திருகுங்கள்.

கை நுழையாத மாடல் என்றால் பக்கவாட்டு மூடிகளைக் கழற்றி, அச்சாணி போல்ட்டை உருவி, மேல் உடலையே தனியாக எடுக்க வேண்டும். அப்படி எடுத்துவிட்டால் இன்னொரு நல்ல வழி திறக்கிறது. போல்ட்டின் கைப்பிடியை வெளியே அறுத்துத் தள்ளி, வெளி முனையில் ஹேக்ஸாவால் ஒரு வெட்டுக் கொடுத்து, ஸ்க்ரூ டிரைவரால் உள்பக்கமாகவே திருகி வெளியேற்றலாம். வளைந்த பகுதி மரையைத் தொடவே தொடாது. அச்சாணியின் இரு பக்க வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்று போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வரிசை மாறினால் உடல் ஒரு பக்கம் உரசும்.

துரு பிடித்த அஜிமுத் போல்ட்டுகளுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். கேஸ் டார்ச் வைத்துச் சுடுவது இங்கே வேண்டாம். பெயின்ட் போகும், பக்கத்தில் பிளாஸ்டிக் மூடி இருந்தால் அதுவும் போகும்.

துளைகளைத் துணியாலும் பெட்ரோலாலும் சுத்தம் செய்த பின் அளவெடுப்பு. மாடலின் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் வந்த மவுண்ட்டுகளிலும் முன்னால் வைத்திருந்தவர் எதையாவது மாற்றியிருக்கலாம். வெர்னியரில் பழைய போல்ட்டின் நேரான பகுதியின் வெளி விட்டத்தையும், பத்து மரை இடைவெளியின் மொத்த நீளத்தையும் எடுங்கள். 15 மி.மீ. வந்தால் இடைவெளி 1.5, அது எம்10. 12.5 வந்தால் 1.25, எம்8. 17.5 வந்தால் 1.75, எம்12. விட்டம் 10, ஆனால் பத்து இடைவெளி 12.5 அல்லது 10 மி.மீ. என்று வந்தால் அது ஃபைன் திரெட். அதற்குச் சாதா போல்ட் சேராது.

மரை இடைவெளி அளக்கும் பித்ச் கேஜ் இல்லாவிட்டாலும் குறையில்லை. கடையில் ஒரு புது எம்10 நட்டு வாங்கிப் பழைய போல்ட்டில் விரலால் திருகிப் பாருங்கள். கடைசிவரை ஆடாமல், சிக்காமல் போனால் சரி. இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நம் ஹார்டுவேர் கடைகளில் அங்குல அளவு பி.எஸ்.டபிள்யூ. (பழைய பிரிட்டிஷ் விட்வர்த் மரை) போல்ட் இன்னும் தாராளமாகப் புழங்குகிறது. 3/8 அங்குல போல்ட்டின் விட்டம் 9.5 மி.மீ., அங்குலத்துக்கு 16 மரை, அதாவது இடைவெளி 1.59. எம்10 துளையில் அது லொடலொடவென்று உள்ளே போகும். "போகுது சார்" என்று கையில் கொடுத்துவிடுவார்கள். மரையின் கோணமும் 60-க்குப் பதில் 55. நாலைந்து சுற்றில் இரும்பு ஜெயிக்கும், அலுமினியம் தோற்கும். 5/16 அங்குலம் எம்8 துளையில் இரண்டு மூன்று சுற்றிலேயே இறுகிவிடும். அதை எண்ணெய் போட்டு உள்ளே தள்ளினால் கழண்டது மவுண்ட்டின் மரையா நம்முடையதா என்று சந்தேகம் வந்துவிடும்.

நீளத்துக்கு வருவோம். மவுண்ட்டை எங்கெல்லாம் கொண்டுபோகப் போகிறீர்கள் என்பதுதான் அளவுகோல். பெங்களூர் 13, காவலூர் 12.6, கன்னியாகுமரி 8, லடாக்கின் ஹான்லே ஏறத்தாழ 33. இந்தியாவுக்குள் இருந்தால் 8 முதல் 34 வரை போதும். உடலைக் கையால் 8 டிகிரியில் நிறுத்தி, வடக்குத் துளை வழியாக ஒரு நேரான கம்பியை நாக்கு தொடும்வரை விட்டு, அடிப்பாகத்தின் வெளி முகத்தில் குறியிடுங்கள். அதுதான் வடக்கு போல்ட்டுக்குத் தேவையான அதிகபட்ச நீளம். கைப்பிடி முகத்தில் முட்டாமலிருக்க 5 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். தெற்குக்கு அதேபோல் 34 டிகிரியில் எடுங்கள். அதற்கு மேல் ஒவ்வொரு மி.மீ. கூடுதலும் வீண். குளிர்நாட்டு அட்சரேகைகளுக்குச் செய்த ரெடிமேட் செட் வாங்கினால் தெற்கு போல்ட் தேவையில்லாமல் நீளமாகவும் வடக்கு போல்ட் எட்டாமலும் இருக்க வாய்ப்பு உண்டு. பணம் கொடுக்கும் முன் மி.மீ. கேளுங்கள்.

இன்னொரு எல்லையையும் சரிபாருங்கள். போல்ட் எந்த நிலையில் நின்றாலும் அலுமினியத்துக்குள் அதன் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு மரை பிடித்திருக்க வேண்டும். எம்10-க்கு 15 மி.மீ., எம்12-க்கு 18.

எதை வாங்குவது? தெற்குக்கும் வடக்குக்கும் ஏ2-70 எஸ்.எஸ். போதும் என்பது என் கருத்து. 450 நியூட்டன் எல்லை கணக்கில் போதாதது போலத் தெரியும். ஆனால் மேலே சொன்ன 600 வந்தது எதிர் போல்ட்டைத் தளர்த்தாமல் இறுக்கியதால். முறையாகத் திருகினால் அவ்வளவு வராது. பெங்களூரின் ஜூன் முதல் அக்டோபர் வரையிலான ஈரத்தில் கறுப்பு 8.8 போல்ட் எண்ணெய் காய்ந்தவுடன் துருப்பிடிக்கும். மொட்டை மாடியில் பனி இறங்கும் டிசம்பரிலும் அதே கதை. தலையில் "ஏ2-70" என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். பொறிப்பே இல்லாத எவர்சில்வர் பளபளப்பு, துருவை அவ்வளவாகத் தாங்காத 202 ரகமாகவும் இருக்கலாம். காந்தம் வைத்துச் சோதிப்பதை நம்ப வேண்டாம். குளிர்நிலையில் உருட்டி மரை போட்ட 304-லும் (ஏ2 என்பது இந்த ரகம்தான்) காந்தம் லேசாக ஒட்டும்.

எஸ்.ஜே.பி. ரோட்டுக் கடைகளில் தமிழிலேயே கேட்கலாம். முழு நீளமும் மரை உள்ள போல்ட் என்று தெளிவாகச் சொல்லுங்கள், பாதி மரை போல்ட் இதற்கு உதவாது. இரண்டு கூடுதலாக வாங்குங்கள். லேத்தில் ஒன்று வீணாகலாம். கூடவே பேக்கலைட் ஸ்டார் நாப், பித்தளைப் புஷ் உள்ளதாக, 40 மி.மீ. விட்டத்தில் வேண்டும். விட்டம் ஏன் முக்கியம் என்றால், 50 மி.மீ. நெம்புகோலில் எம்10 போல்ட்டின் ஒரு முழுச் சுற்று 103 கலை நிமிடம் (ஒரு டிகிரிக்கு 60 கலை நிமிடம்). துருவ அச்சை வடதுருவத்துக்கு நேராக்கும் துருவ ஒழுங்கில் ஒரு கலை நிமிடம் திருத்த 3.5 டிகிரிதான் திருப்ப வேண்டும். 40 மி.மீ. நாபின் விளிம்பில் அது 1.2 மி.மீ. நகர்வு, விரலுக்குத் தெரியும். எம்10-இன் 16 மி.மீ. ஆலன் தலையில் அரை மி.மீ.கூட இல்லை.

லேத் வேலையை யாரும் தவிர்க்காதீர்கள், முழுச் சூட்சுமமும் அதில்தான் இருக்கிறது. போல்ட்டின் கடைசி 8 முதல் 10 மி.மீ. நீளத்துக்கு மரையைச் சீவி, விட்டத்தை மரையின் அடி விட்டத்துக்கும் கீழே கொண்டுவர வேண்டும். எம்10-க்கு 7.8 மி.மீ., எம்12-க்கு 9.5, எம்8-க்கு 6.0. காரணம் எளிது. நாளைக்கு இந்த முனையும் நசுங்கி விரியலாம். அப்போதும் அது மரைத்துளைக்குள் உரசாமல் வெளியே வரும். இந்த ஒரு சீவல் இருந்திருந்தால் தெற்கு போல்ட்டை அரம் வைத்துத் தேய்க்கும் வேலை இருந்திருக்காது. முனையின் முகத்தைப் பெரிய ஆரத்தில் லேசாகக் குவிந்ததாக, பொத்தான் மாதிரி, எடுக்கச் சொல்லுங்கள். பென்சில் முனையாகக் கூர்மை செய்தால் நாக்கில் குழி விழும். குழி விழுந்தால் போல்ட் ஒவ்வொரு முறையும் அந்தக் குழியைத் தேடிப் போகும், நுண்ணிய திருத்தம் கைகூடாது. முழுத் தட்டையாக விட்டால் சாய்ந்த முகத்தில் ஒரு விளிம்பு மட்டும் தொடும், அதுவும் செதுக்கும்.

பீன்யா தொழிற்பேட்டையின் பெரிய பட்டறைகள் நாலு போல்ட்டுக்காக மெஷினை நிறுத்த மாட்டார்கள். வட்டாரத்தில் மோட்டார் ரீவைண்டிங், பம்ப் ஷாஃப்ட் வேலை செய்யும் சின்ன லேத் கடையைத் தேடுங்கள். வாயால் விளக்காமல் தாளில் படம் போட்டு அளவோடு கொடுங்கள். மரையை நேராகச் சக்கில் கடித்தால் பற்கள் நசுங்கும். இரண்டு நட்டுகளைப் பூட்டி அதன் மேல் பிடிக்கச் சொன்னால் அனுபவமுள்ள டர்னர் தலையாட்டுவார்.

நாபைப் பொருத்த, போல்ட்டின் தலையை அறுத்துவிட்டு அந்த முனையை நாபுக்குள் திருகி, பின்னால் ஒரு நட்டால் பூட்டி, நடுத்தர வலுவுள்ள நீல நிற திரெட் லாக்கர் இரண்டு சொட்டு விடுங்கள். சிவப்பு வேண்டாம். நாப் உடைந்தால் கழற்ற முடியாமல் போகும்.

நாக்கின் முகத்தைப் பாருங்கள். குழியோ பிசிறோ இருந்தால் அரத்தால் சமன் செய்து, 2 மி.மீ. எஸ்.எஸ். தகட்டை நாக்கின் அளவுக்கு வெட்டி இரண்டு பாக எப்பாக்ஸியால் ஒட்டுங்கள். இரு முகத்தையும் 80-ஆம் நம்பர் எமரித்தாளால் சொரசொரப்பாக்கி, தின்னரால் துடைத்து, 24 மணி நேரம் விட வேண்டும். ஐந்து நிமிட எப்பாக்ஸி அவசரத்துக்கு நல்லது, இதற்கு வேண்டாம். இரண்டு பக்கமும் ஒட்டினால் மொத்தம் 4 மி.மீ. இடம் போகும். நீள அளவை இந்தத் தகட்டுக்குப் பிறகு எடுத்தால் குழப்பம் இல்லை.

மாட்டும்போது மரையில் மாலிப்டினம் கலந்த கிரீஸை மெல்லத் தடவுங்கள். எஸ்.எஸ்.-உம் அலுமினியமும் ஈரத்தில் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும், இரண்டு மழைக்காலத்தில் போல்ட் ஊன்றிவிடும். முதல் சில சுற்றுகள் விரல் நுனியால் மட்டும். எங்கே சிக்குகிறதோ அங்கே நின்று, வெளியே எடுத்து, துடைத்துப் பாருங்கள். அச்சாணி போல்ட்டின் இறுக்கத்தையும் இப்போதே சரிசெய்யுங்கள். உடலை இரு கையாலும் அசைத்தால் பக்கவாட்டு ஆட்டம் இருக்கக் கூடாது, ஆனால் வெறும் உடல் தன் எடையில் மெதுவாக இறங்க வேண்டும். அச்சாணியை மிதமிஞ்சி இறுக்கி வைத்திருப்பதுதான் உயர போல்ட் கடினமாகச் சுற்றுவதற்கு அதிகம் கவனிக்கப்படாத காரணம்.

அலுமினிய மரை ஏற்கெனவே போயிருந்தால் ஹெலிகாயில்தான், அதாவது துளைக்குள் புது மரையாக அமரும் கம்பிச் சுருள்தான், மருந்து. ஒரு சைஸ் பெரிய டேப் (மரை வெட்டும் கருவி) போட்டு எம்12 ஆக்குவதும் உண்டு. சுவர் தடிமன் குறைந்த வார்ப்பில் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எம்10 ஹெலிகாயிலுக்கு 10.4 மி.மீ. அளவில் துளை, அதற்கென்றே உள்ள தனி டேப், 15 மி.மீ. நீளச் சுருள். ஜே.சி. ரோடு பக்கத்து எஞ்சின் வேலைக் கடைகளில் ஸ்பார்க் பிளக் துளைக்கு இதே வேலையைத் தினமும் செய்கிறார்கள், அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது ஒன்றுதான்: கை டிரில் கூடாது, பில்லர் டிரில்லில் அடிப்பாகத்தைக் கவ்விப் போட வேண்டும். துளை இரண்டு டிகிரி சாய்ந்தாலும் போல்ட் நாக்கின் ஓரத்தைத் தொடும். மேல் உடலைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, வெறும் அடிப்பாகத்தை மட்டும் கொண்டுபோங்கள்.

அஜிமுத் பக்கம் எளிது. முக்காலித் தலையில் நிற்கும் முளையை இரு பக்கமிருந்தும் இரண்டு போல்ட் நெருக்குகின்றன. முளை உருளை என்பதால் தட்டை முனைதான் இங்கே சரி. இரண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள். ஆனால் பலர் போல்ட்டை மாற்றிவிட்டு முளையைப் பார்ப்பதில்லை. முளை லேசாகச் சாய்ந்திருந்தாலோ, அதன் மரையில் ஆடினாலோ, எவ்வளவு நல்ல போல்ட்டும் அஜிமுத்தை நிலைநிறுத்தாது. கழற்றி, துடைத்து, திரெட் லாக்கர் விட்டு இறுக்குங்கள். மவுண்ட்டை முக்காலியோடு பிடிக்கும் மையத் தண்டை முழுதாக இறுக்கிவைத்துக்கொண்டு அஜிமுத் திருகுவதும் வளைவுக்கு ஒரு காரணம். கால் சுற்று தளர்த்துங்கள், திருத்துங்கள், பிறகு இறுக்குங்கள். முளை மையத்திலிருந்து 60 மி.மீ., போல்ட் எம்8 என்றால் ஒரு சுற்று 1.2 டிகிரி.

13 டிகிரியில் இன்னொரு தொல்லை உண்டு. வடக்கு முனை நன்றாகத் தாழ்ந்து நிற்பதால், எதிர் எடைத் தண்டு கீழே வரும்போது வடக்குக் காலில் இடிக்கலாம். புது நாப் பெரிதாக இருந்தால் அதிலும் இடிக்கலாம். மோட்டாரை ஓட்டுவதற்கு முன், கிளட்ச்சைத் தளர்த்தி கையால் இரு அச்சையும் முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். இடித்தால் வடக்கு நாபை மட்டும் 25 மி.மீ. ஆக்குங்கள், அதற்கு நுண்ணிய வேலை இல்லை. சில முக்காலிகளில் முளையை மாற்றி வைக்க இரண்டாவது துளை இருக்கும், அப்போது இரண்டு கால்களுக்கு நடுவே வடக்கைக் கொண்டுவரலாம். எடை வடக்கே சாய்கிற மவுண்ட்டில் வடக்கே கால் இல்லாமல் நிறுத்தினால் கவிழும் அபாயம் கூடும் என்பதால், கால்களை அகல விரித்து, நீட்டாமல் வையுங்கள்.

முதல் இரவு, சுமை ஏற்றாமல் 14 டிகிரிக்கு மேலே வைத்துத் தொடங்குங்கள். மவுண்ட்டின் ஒட்டுத்தகட்டு அளவுகோல் ஒன்றிரண்டு டிகிரி பொய் சொல்லும். டிஜிட்டல் கோணமானியோ போனின் லெவலோ அதைவிட நம்பகம். எதிர் எடை, பிறகு டெலஸ்கோப், பிறகு கேமரா என்று ஏற்றி, ஒவ்வொரு முறையும் தெற்கு போல்ட்டைக் கால் சுற்று திருப்பி வழவழப்பாகப் போகிறதா என்று பாருங்கள்.

திருகும் பழக்கம் இப்படி இருக்கட்டும். இறக்க வேண்டுமானால் தெற்கைத் தளர்த்தினால் போதும், எடை தானாக இறக்கும். வடக்கு போல்ட்டை வைத்து ஒருபோதும் அழுத்தி இறக்காதீர்கள். ஏற்ற வேண்டுமானால் முதலில் வடக்கை இரண்டு சுற்று விடுங்கள், எதிர் எடைத் தண்டின் அடியை ஒரு கையால் தாங்கிக்கொண்டு தெற்கைத் திருகுங்கள். கடைசித் திருத்தம் எப்போதும் ஏறுமுகமாக முடியட்டும். வேண்டிய இடத்துக்கு அரை டிகிரி கீழே போய்விட்டு மேலே வாருங்கள். பிறகு வடக்கை விரலால் தொடும் அளவுக்கு மட்டும் கொண்டுவாருங்கள். அதை இறுக்கும்போது துருவம் சில கலை நிமிடம் நகரும், எனவே மறுபடி பார்த்தாக வேண்டும்.

துருவ நட்சத்திரம் உண்மைத் துருவத்திலிருந்து சுமார் 40 கலை நிமிடம் தள்ளி நிற்கிறது, முழுநிலவின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். 13 டிகிரி உயரத்தில் காற்றின் ஒளிவிலகல் அதைச் சுமார் 4 கலை நிமிடம் மேலே தூக்கிக் காட்டும். கண்ணால் பார்ப்பவருக்கு இது பொருட்டல்ல, நீள எக்ஸ்போஷர் எடுப்பவருக்குப் பொருட்டு. வடக்கே அடுக்குமாடி மறைக்கும் மொட்டை மாடியில் டிரிஃப்ட் முறைதான் (ஒரு நட்சத்திரம் பார்வையில் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து அச்சைத் திருத்துவது) கைகொடுக்கும். அதில் மேற்கிலோ கிழக்கிலோ உள்ள நட்சத்திரத்தை வைத்து உயரத்தைத் திருத்தும்போது, கால் சுற்றின் கால்வாசி என்ற அளவில் தெற்கு நாபைத் திருப்புவீர்கள். திருப்பிய உடனே நட்சத்திரம் நகர்ந்து, கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பி வந்தால் அச்சாணி இன்னும் இறுக்கமாக இருக்கிறது, அதை எட்டில் ஒரு சுற்று தளர்த்துங்கள். கையை எடுத்த பிறகு நட்சத்திரம் மெல்ல மெல்ல வழுக்கிக்கொண்டே போனால் எப்பாக்ஸி சரியாக இறுகாமல் தகடு நகர்வதாக இருக்கலாம். அன்றைக்கு டெலஸ்கோப்பை இறக்கிவிட்டு, தகட்டைப் பெயர்த்து மறுபடி ஒட்டுங்கள்.